ஒரே அலசு

மழை பிடித்துக்கொண்டால் பாட்டில்காரர் வீட்டில் அடுப்பைத் தவிர எதுவும் காயாது. கழுவிய பாட்டில்களைக் கவிழ்த்து வைக்கும் மரச்சட்டங்கள் கொல்லையை விட்டு வீட்டுக்குள் குடியேறிவிடும். வீடு என்பது நீளமான ஒற்றை அறைதான். சுவரோரம் ஒரு சட்டம், கட்டிலுக்கு மேலே ஒரு சட்டம், அடுப்புக்கு எதிரே ஒரு சட்டம். ஒவ்வொரு பாட்டிலின் வாயிலிருந்தும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். வெளியே பெய்கிற மழையாவது நடுவில் கொஞ்சம் ஓயும், நம்ம வீட்டு மழைக்கு அந்த மரியாதை தெரியாது என்பார் பாட்டில்காரர்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கப்பல் வந்து போகிற ஊர் என்பதால் காலி பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை. துரைமார் குடித்துப் போட்டது, கப்பல்காரர்கள் விட்டெறிந்தது, மை தீர்ந்தது, எண்ணெய் வடிந்தது என்று எல்லாவற்றையும் வாங்கித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வருவார். கழுவுவது அவர் மனைவி. ஊருக்கு அவள் பாட்டில்காரம்மா. வெந்நீர் போடுவது, சாம்பல் சலிப்பது, எல்லோரையும் குறை சொல்வது, இந்த மூன்றும் பாட்டில்காரரின் அக்காவின் பொறுப்பு. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பாட்டில்காரம்மா அவளை அண்ணி என்பாள். பயமும் பிரியமும் சரிபாதி.

வீட்டிலேயே கறாரான அதிகாரி, மகள் சில்லு. அவள் பிறந்த அன்று ஒரு கூடை பாட்டில் சரிந்து நொறுங்கிப்போனது. வரும்போதே வீட்டைச் சில்லு சில்லா ஆக்கிட்டு வந்துட்டா என்று அத்தைக்காரி சொன்னது பெயராக ஒட்டிக்கொண்டது. கழுவின பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. இருந்தால் ஒன்றும் பேசாமல் அம்மா பக்கம் உருட்டிவிடுவாள். இல்லையென்றால் பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஒரு ஊது ஊதுவாள். சின்ன பாட்டில் கீச்சென்று கேட்கும், பெரிய பாட்டில் கப்பல் சங்கு மாதிரி கேட்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் அம்மாவின் கை அடுத்த பாட்டிலுக்குப் போகும்.

பாட்டில் கழுவுவதென்றால் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவதுதானே என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் பாட்டில்காரம்மாவோடு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். முதலில் சாம்பல் தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். அப்புறம் சோடாக்காரம் போட்ட வெந்நீர். அதற்கும் அசையாவிட்டால் மணலும் பொடிக்கல்லும் உள்ளே போட்டு, தோள்பட்டை கழன்று போகிற வரைக்கும் குலுக்க வேண்டும். கடைசியாக மூக்கு. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு மூக்குக்குத் தெரியும். எதில் மை இருந்தது, எதில் சாராயம் இருந்தது என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள். இவ மூக்க இன்னும் சர்க்கார் சம்பளத்துக்கு எடுக்காம விட்டு வெச்சிருக்காங்களே என்று பாட்டில்காரர் கேலி செய்வார்.

அவளுக்கு ஆகவே ஆகாதது பெரிய ஆஸ்பத்திரி பாட்டில். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து இருந்த பாட்டில் என்றால் கையெல்லாம் கசக்கும். தட்டில் கஞ்சி ஊற்றிக் குடித்தால் கஞ்சியும் கசக்கும். விளக்கெண்ணெய் இருந்தது என்றால் வெந்நீர் அண்டா காலியாகும். இன்னொரு மருந்து உண்டு, அது கண்ணாடியில் பழுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். அந்தக் கோட்டைக் கரைக்க மணலும் ஆகாது, மன்றாட்டும் ஆகாது. அந்த பாட்டில்களைக் கழுவுகிற நாளில் அவள் கை வெடித்து ரத்தம் கசியும்.

கோட்டு டாக்டரின் பாட்டில் அப்படி இல்லை. ஒரே அலசு. தண்ணீரை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொட்டினால் போதும், கண்ணாடி பளிச்சென்று நிற்கும். முகர்ந்தால் வாசனையே இருக்காது. அந்த பாட்டில்கள் வருகிற நாள் அவளுக்கு லீவு நாள்.

இந்தக் கோட்டு டாக்டர் வந்து நாளாகவில்லை. கடைத்தெருவில் ஓர் அறை, வாசலில் பலகை, எந்த மழைக்கும் எந்த வெயிலுக்கும் கழற்றாத கறுப்புக் கோட்டு, கழுத்தில் ரப்பர் குழாய். எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் ஒரு கப்பலின் பெயரைச் சொல்வார். யாரோ வெள்ளைக்கார டாக்டருக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு திரிந்த ஆள் என்று ஒரு பேச்சு இருந்தது. பாட்டில்காரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. மற்ற வைத்தியர்கள் பாட்டிலை வாங்கி அப்படியே பையில் போட்டுக்கொண்டு போவார்கள். இவர் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்ப்பார். துளி வாசனை இருந்தாலும் வேண்டாம் என்று நகர்த்திவிடுவார். பாட்டிலுக்கே இத்தனை பார்க்கிற மனுஷன் மருந்துக்கு எவ்வளவு பார்ப்பார் என்று அவள் கணக்குப் போட்டாள்.

போட்ட கணக்கை மனசோடு வைத்துக்கொள்கிறவளும் இல்லை. தெருக்குழாயடியில் குடம் நிரம்புகிற வரைக்கும் அதே பேச்சு.

“ஆஸ்பத்திரி மருந்து பாட்டில்லயே ஒட்டிக்கிட்டு விடமாட்டேங்குது. அது வயித்துக்குள்ள போனா என்ன பாடு படுத்தும், சொல்லுங்க பாப்போம்? நம்ம டாக்டர் மருந்து ஒரே அலசு. அவ்ளோ சுத்தம்.”

குதிரைவண்டிக்காரர் பெண்டாட்டி முதற்கொண்டு எல்லோரும் தலையாட்டினார்கள். பாட்டில் விஷயம் இவளைவிட யாருக்குத் தெரியும்? குழாயடியில் அவருக்கு ‘ஒரே அலசு டாக்டர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வாசலில் தொங்கிய பலகையைவிட இந்தப் பேச்சுக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது.

அவர் பாட்டில் வாங்க வரும்போதெல்லாம் சில்லுவுக்குக் கொண்டாட்டம். அவர் கழுத்துக் குழாயைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டு, மறுமுனையை பாட்டில் வயிற்றில் வைத்துப் பார்த்து, இதுக்குக் காய்ச்சல், இதுக்கு இருமல் என்று சொல்லிக்கொண்டு போவாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நிற்பார். அப்ப என்ன மருந்து குடுக்கலாம் டாக்டரம்மா என்று கேட்பார். குழந்தையிடம் அவர் காட்டிய பிரியத்தில் கலப்படம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

அந்த வருஷ மழையோடு காய்ச்சலும் வந்தது. ஒருநாள் பாட்டில்காரம்மா கழுவி நகர்த்திய பாட்டில்கள் வரிசையாக அப்படியே நின்றன. திரும்பிப் பார்த்தால் சில்லு அடுப்போரத்தில் சுருண்டு கிடந்தாள். தொட்டுப் பார்த்த கையைச் சட்டென்று எடுக்கும்படி உடம்பு கொதித்தது.

ஆள் விட்டதும் கோட்டு டாக்டர் வந்தார். குழாயை வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், சிவப்பு மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். சில்லு கரண்டியை நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம்மா என்றாள். தெருவில் மற்ற பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பதென்றால் ஒருவர் காலைப் பிடித்து, ஒருவர் மூக்கைப் பிடித்து, பெரிய ரகளை. இவள் வேளைக்கு முன்னாலேயே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். பாட்டில்காரம்மா அதையும் குழாயடியில் சொல்லிப் பெருமைப்பட்டாள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கு மறுநாள் இரண்டு பங்காக ஏறியது.

வயிறு வலிக்கிறது என்றாள். பிறகு அதைக்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி மேலே சட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெந்நீர் அண்டாவை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு அண்ணி வந்து கட்டிலருகில் நின்றாள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம். எனக்கு இது சரியாப் படல.”

“அங்க போனவங்க திரும்பி வந்து பாத்திருக்கீங்களா அண்ணி?”

உண்மைதான், அதிகம் பேர் திரும்பவில்லை. முக்கால் உயிர் போனபிறகு கொண்டுபோய்ப் போட்டால் யார்தான் திரும்புவார்கள்? அதை அந்த நேரத்தில் அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அண்ணிக்குச் சந்தேகம் இருந்ததே தவிர வாதம் இல்லை. இரண்டு பேரும் பாட்டில்காரரைப் பார்த்தார்கள். அவர் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே நின்றார். மருந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பாட்டிலைப் பற்றித் தெரியும். அதில் அவள் சொன்னால் சொன்னதுதான் என்பதும் தெரியும். டாக்டரையே இன்னொரு தடவை கூப்பிடுவோம் என்றார்.

அந்தச் சாயங்காலம் வந்த கோட்டு டாக்டர் விளையாட்டு எதுவும் பேசவில்லை. குழந்தையின் வயிற்றில் குழாயை வைத்தவர் எடுக்க மறந்துபோய் வெகுநேரம் அப்படியே இருந்தார். சில்லு கண்ணைத் திறந்து, எனக்குள்ள என்ன சத்தம் கேக்குது என்று கேட்டாள். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பாட்டில்காரம்மா பின்னாலேயே போனாள். தூறல் அவர் கோட்டு மேலே விழுந்துகொண்டிருந்தது.

“அம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. இப்பவே கொண்டுபோங்க.”

“நீங்க இருக்கும்போது அங்க எதுக்குங்க?”

“இது என் கைக்கு அடங்காது.”

“அப்படிச் சொல்லாதீங்கய்யா. உசந்த மருந்து ஏதாச்சும் இருக்கும். பாட்டில் கழுவுறவங்க வீடுதானேன்னு எடுத்துவெச்சிருக்கீங்க. நான் காலத்துக்கும் உங்களுக்குச் சும்மாவே கழுவித் தர்றேன்.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வாயைத் திறந்தார், மூடினார். ஊரெல்லாம் அத்தனை பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்கு ஓர் உண்மை தேவைப்பட்டது. நான் டாக்டர் இல்லை என்ற மூன்றே சொல். பாதி உண்மையை அவர் சொல்லிவிட்டார். அந்த மூன்று சொல் இல்லாமல் அது அவள் காதில் ஏறவில்லை. ஏழையைத் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்து அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

அவர் பதறிப் பின்னால் நகர்ந்தார். பையைத் திறந்து, பெரிய பாட்டிலில் பச்சை மருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, ஆஸ்பத்திரிக்கும் போங்கம்மா என்று இன்னொரு தடவை சொன்னார். உசந்த மருந்து கையில் வந்துவிட்டது. அதற்கு மேல் அவள் எங்கே கேட்டாள்?

பச்சை மருந்தையும் சில்லு சமர்த்தாகக் குடித்தாள். கரண்டியை நக்கத்தான் தெம்பில்லை. மருந்து தீர்ந்த காலையில் இன்னொரு பாட்டில் வாங்கிவரப் பாட்டில்காரர் கடைத்தெருவுக்குப் போனார். அறைக் கதவு திறந்து கிடந்தது. பலகையைக் காணோம், கோட்டைக் காணோம், ஆளையும் காணோம். உள்ளே ஒரு பானையில் சர்க்கரைத் தண்ணீர் எறும்பு மொய்த்துக் கிடந்தது. பக்கத்தில் மிட்டாய்க்காரர்கள் போடுகிற சாயப்பொடி, சிவப்பும் பச்சையும். பாட்டில்காரம்மா கழுவிக் கொடுத்த பாட்டில்கள் சுவரோரம் வரிசையாக நின்றன.

பாட்டில்காரர் வீட்டுக்கு ஓடிவந்துகொண்டிருந்த நேரத்தில் பாட்டில்காரம்மா தொட்டியடியில் இருந்தாள். அடுத்த மருந்துக்குப் பாட்டில் வேண்டுமே என்று காலி பாட்டிலைக் கழுவ எடுத்தாள். தண்ணீரை விட்டாள், சுழற்றினாள், கொட்டினாள். பச்சை நிறம் கால் விரலிடுக்கில் ஓடி மறைந்தது. பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லை. எத்தனையோ பாட்டிலை முகர்ந்த மூக்கு அது. எண்ணெய் இருந்தால் எண்ணெய், மை இருந்தால் மை, விஷம் இருந்தால் விஷம். ஏதாவது இருந்த பாட்டில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போகும். ஒன்றையும் விடாத பாட்டில் ஒன்றே ஒன்றுதான், தண்ணீர் பாட்டில். இது அவள் கைக்கு எப்போதோ தெரியும். மூக்குக்கும் தெரியும். சுத்தம் சுத்தம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய்க்குத்தான் தெரியாமல் போயிற்று.

அவள் போட்ட சத்தத்தில் அண்ணி ஓடிவந்தாள். பாட்டில்காரர் வாசலில் மூச்சு வாங்கியபடி பானையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குழந்தையைப் போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். குதிரைவண்டிக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டின வண்டியில் உட்கார்ந்திருந்த ஆளை இறக்கிவிட்டு இவர்களை ஏற்றிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரி நீள நீளமான கூடம். நிறைய இரும்புக் கட்டில்கள். உள்ளே நுழைந்ததும் அவள் வெறுத்த வாசனை எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. அத்தனை வருஷமும் மணல் போட்டுக் குலுக்கித் துரத்திய வாசனை. அன்றைக்கு அதை அவள் நெஞ்சு முட்ட இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் வயசானவர். குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

“இவ்ளோ நாளா என்ன மருந்து குடுத்தீங்க?”

பாட்டில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள்தான் சொன்னாள்.

“தண்ணிங்க.”

அவர் திரும்பி நர்ஸம்மாவைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நர்ஸம்மா பழுப்பு பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொண்டுவந்து, தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள். சில்லுவின் முகம் சுருங்கியது. உதடு கோணியது. கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினாள்.

“கசக்குதும்மா.”

“கசக்கட்டும்டி என் கண்ணே. முழுங்கிடு. நல்லாக் கசக்கட்டும்.”

சொல்லும்போது அவள் சிரித்தாள். பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரிந்திருக்காது. கசக்கிறது என்றால் மருந்து. குழந்தையின் வாய்க்குள் கடைசியில் ஒரு மருந்து போய்விட்டது. இனி பிழைத்துவிடுவாள் என்று அவள் அந்த நிமிஷம் மனசார நம்பினாள். சில்லு அழப் பார்த்தாள். அழுவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் காலையில் சில்லு போய்விட்டாள்.

வெளியே வந்தால் மழை விட்டுச் சுள்ளென்று வெயில். பாட்டில் காய்வதற்கு அதைவிட நல்ல வெயில் கிடைக்காது. அந்த நினைப்பு தனக்கு வந்ததை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அப்புறம் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. நான் அன்னிக்கே சொன்னேனே என்று அண்ணி சொல்வாள் என்று அவள் காத்திருந்தாள். ஒரு குறையும் விடாமல் சொல்கிற அண்ணி இந்த ஒன்றைச் சொல்லவே இல்லை. வெந்நீரைக் கொண்டுவந்து வைப்பாள். இவள் வெடித்த கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டுப் போவாள். அவ்வளவுதான்.

ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த புருஷனிடம் அவளே கேட்டாள்.

“என்ன ஒரு வார்த்தை திட்டக்கூடாதா நீங்க?”

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“அவனுக்கு பாட்டில் வித்தது யாரு? நான்தானே. நீ என்னைத் திட்டினியா?”

அதற்கப்புறம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கோட்டு டாக்டரைப் பற்றி ஏதேதோ செய்தி வந்தது. கப்பலேறிவிட்டார் என்றார்கள். வேறொரு ஊரில் வேறு பெயரில் பலகை மாட்டியிருக்கிறார் என்றார்கள். போலீஸ் தேடுகிறது என்றும் சொன்னார்கள். அவளிடம் சொன்னவர்களுக்கு அவள் ஓர் உம் கூடக் கொட்டவில்லை. திட்டுவதற்கு அவரை நினைக்க வேண்டும்; நினைத்தால் தூறலில் வாயைத் திறந்து மூடிய அந்த முகம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா என்று சொல்லத்தானே செய்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் குழாயடிக்குப் போக ஆரம்பித்த அன்று எல்லோரும் வரிசையை விட்டு விலகி அவளுக்கு வழி விட்டார்கள். அவள் குடத்தை வைக்கவில்லை. ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்து, நான் சொன்னதெல்லாம் தப்பு, அது வெறும் தண்ணி, உங்க புள்ளைங்களுக்குக் குடுக்கச் சொன்னவ நான்தான் என்றாள். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குதிரைவண்டிக்காரர் பெண்டாட்டிதான் அவள் கையிலிருந்த குடத்தை வாங்கி நிரப்பி இடுப்பில் வைத்துவிட்டாள்.

வேலை நிற்கவில்லை. நிற்கிற வேலையா அது? வண்டி நிறைய வந்து இறங்கிக்கொண்டேதான் இருந்தது. கழுவி நகர்த்துவாள். நகர்த்திவிட்டுக் கை அப்படியே நிற்கும், ஊதல் சத்தத்துக்காக. சத்தம் வராது. அண்ணி தன் பக்கத்து வேலையை விட்டுவிட்டு மெல்ல எழுந்து வந்து, அந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துச் சட்டத்தில் கவிழ்ப்பாள். அப்போது கை மறுபடி நகரும்.

அடுத்த மழைக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது. ஒரு மத்தியானம் குதிரைவண்டிக்காரர் பெண்டாட்டி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

“ஆஸ்பத்திரியில குடுத்தாங்கக்கா. நீங்க ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லிட்டா நிம்மதியாக் குடுப்பேன்.”

பாட்டில்காரம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நான் சொல்லி நீ கேட்கலாமா என்பது போல அவளை நிமிர்ந்து பார்த்தாள். வந்தவள் பாட்டிலை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினாள்.

மூடியைத் திறந்ததுமே கொய்னா மூக்கில் அடித்தது. பாட்டிலைச் சாய்த்து நிமிர்த்தினாள். மருந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இறங்க மனசில்லாமல் இறங்கியது.

“ஒட்டுது. குடு.”

அங்கேயே, தொட்டி மேட்டில் உட்காரவைத்துக் கொடுத்தார்கள். அண்ணி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். முதல் கரண்டி உள்ளே போனதும் குழந்தை துப்பியது, திமிறியது, தெருவே கேட்கும்படி வீறிட்டு அழுதது. பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை. போதுங்கக்கா, அழுவுறான் என்று கரண்டியைக் கீழே வைக்கப் போனாள்.

“அழட்டும்,” என்றாள் பாட்டில்காரம்மா. “நல்லா அழட்டும். விடாம குடு.”

சொல்லிவிட்டுப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அந்த அழுகையைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தாள். சில்லு ஒரு வேளைகூட மருந்துக்கு அழுததில்லை.